பின்கட்டின் காதுகள்: புதுமைப்பித்தன், ஜெயகாந்தன் புனைவுகளில் சென்னை வாடகைக் குடித்தனம்

ஆய்வுச் சுருக்கம்

கடலூரில் பிறந்து சென்னையில் எழுதிய புதுமைப்பித்தன், ஜெயகாந்தன் ஆகிய இருவரின் நகரக் கதைகளும் பெரும்பாலும் வறுமைச் சித்திரிப்பு என்ற தலைப்பிலேயே பேசப்பட்டு வந்துள்ளன. அக்கதைகளின் நிகழ்வுப்போக்கைத் தீர்மானிப்பது பொதுவான வறுமையன்று, வாடகைக் குடித்தனம் என்னும் குறிப்பிட்ட வாழ்நிலையே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. எது உரக்கப் பேசப்படலாம், எது மறைக்கப்படவேண்டும், யார் உடன் தங்கலாம் என்பனவற்றைப் பாத்திரங்களின் இயல்பைக் காட்டிலும் அவர்கள் குடியிருக்கும் பகுதியின் சுவர்களே முடிவு செய்கின்றன. சிதம்பரத்தில் வாழ்ந்த மௌனியின் கதையுலகோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. வீடு தேடுவோரிடம் கேட்கப்படும் சாதி குறித்த கேள்வி இப்புனைவுகளில் இடம்பெறாமையும் இங்கு விவாதிக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாடகைக் குடித்தனம், ஒட்டுக் குடித்தனம், சென்னை, கடலூர், சிதம்பரம், புதுமைப்பித்தன், ஜெயகாந்தன், மௌனி

முன்னுரை

கடலூர் மாவட்டத்தின் இலக்கியப் பெருமையைப் பேசுவோர் இரண்டு பெயர்களைத் தவறாமல் குறிப்பிடுவர். 1906 ஏப்ரல் 25இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் புதுமைப்பித்தன். 1934 ஏப்ரல் 24இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் ஜெயகாந்தன். இன்று ஒரே மாநகராட்சியின் பகுதிகளாக உள்ள இவ்விரு இடங்களும் ஒன்றற்கொன்று மிக அண்மையில் இருப்பவை. ஆயினும் இருவரும் மிக ஆழமாக எழுதிய வீடுகள் கடலூர் வீடுகள் அல்ல. அவை சென்னையில் மாதவாடகைக்கு எடுக்கப்பட்ட வீடுகள். பல வேளைகளில் வீடு என்று சொல்லவும் தகாத அறைகள்.

புதுமைப்பித்தனைத் திருநெல்வேலி எழுத்தாளராகக் கொள்வதே வழக்கம். அது தவறன்று. அவருடைய தந்தை சொக்கலிங்கம் பிள்ளையின் அரசுப் பணி காரணமாகவே பிறப்பு திருப்பாதிரிப்புலியூரில் நிகழ்ந்தது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று அன்றைய தென்னார்க்காட்டு ஊர்களில் இளமை கழிந்த பின்பே, 1918இல், குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. பணிமாற்ற ஆணை வந்தவுடன் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். ஜெயகாந்தனோ சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தின் கம்யூன் வாழ்க்கைக்குள் வந்து சேர்ந்தவர். பூர்வீக வீட்டின் நிழலில் இருந்து எழுதும் வாய்ப்பு இருவருக்குமே அமையவில்லை. வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளைக் கொண்டு படைப்பை விளக்கிவிட முடியாது என்பது உண்மையே. எனினும், குடியிருப்பின் நிலையாமையை இருவரும் கேள்விப்பட்டு எழுதவில்லை என்பதை நினைவிற்கொள்வது பயனுடையது.

இவர்களது கதைகளை ஆராய்ந்தோர் வறுமை, நகர நாகரிகத்தின் சீர்கேடு, நடுத்தர வர்க்கத்தின் போலித்தனம் என்ற வகைமைகளுக்குள் அவற்றை அடக்கினர். வறுமை என்ற சொல் அனைத்தையும் விளக்குவதாகத் தோன்றி, குறிப்பான எதையும் விளக்காமல் விட்டுவிடுகிறது. சொந்தக் குடிசையில் பட்டினி கிடப்பவரின் வறுமையும், வாடகை அறையில் விருந்தினருக்குக் காப்பி கொடுக்க வழியின்றித் தவிப்பவரின் வறுமையும் ஒன்றல்ல. பின்னவருக்கு மாத முதல் தேதி என்று ஒன்று உண்டு. சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் உண்டு. வாசலில் வீட்டுக்காரர் உண்டு.

பலகையை நம்பி நுழைந்தவர்

வீடு தேடும் அனுபவத்தை நவீனத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’. 1937இல் வெளிவந்த இக்கதையின் நாயகர் முருகதாசர், விளம்பரங்கள் எழுதிப் பிழைக்கும் எழுத்தாளர். மனைவி கமலம், மகள் அலமு என்ற சிறிய குடும்பம். அறைகள் காலியாக இருப்பதாக வாசலில் தொங்கிய பலகையை நம்பி ஒரு வீட்டிற்குள் நுழைந்து, ஒட்டுக் குடித்தனத்தில் சிக்கிக்கொண்ட கதையை ஆசிரியர் தமக்கே உரிய எள்ளலுடன் விவரிக்கிறார். பலகை வாக்களித்த அறைக்கும் உள்ளே கிடைத்த அறைக்கும் இடையிலுள்ள தொலைவே அப்பகுதியின் நகைச்சுவைக்கு ஊற்று.

இந்த நகைச்சுவையைக் கடந்து, கதையின் இடஅமைப்பு எவ்வாறு நிகழ்ச்சிகளை நடத்துகிறது என்று காணவேண்டும். எழுதுமிடம், விருந்தினரை வரவேற்குமிடம், குடும்பம் புழங்குமிடம் ஆகியவற்றைப் பிரிக்க அங்கே போதிய சுவர்கள் இல்லை. நண்பர்கள் வருகின்றனர், இலக்கியம் பேசப்படுகிறது. அதே நேரத்தில் வீட்டில் எது தீர்ந்துபோயிற்று என்ற செய்தியும் அவ்விடத்திலேயே, பேச்சின் இடுக்கில், கடத்தப்பட வேண்டியிருக்கிறது. விசாலமான முற்றமும் இரண்டாம் கட்டும் உள்ள வீட்டில் இக்கதை நிகழ்ந்திருக்க முடியாது. அங்கே வறுமை இருந்தாலும் அதற்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருந்திருக்கும். முருகதாசரின் வறுமைக்கு அந்த வசதி இல்லை.

அலமு ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து கொண்டு இழுக்கச் சொல்லும் காட்சி பலராலும் குழந்தை மனத்தின் அழகிய சித்திரிப்பு எனப் பாராட்டப்பட்டது. அது அவ்வாறு இருக்கட்டும். அக்குழந்தைக்கு விளையாட முற்றம் இல்லை என்பதையும், தெருவே அதன் முற்றமாகிவிட்டது என்பதையும் ஆசிரியர் விளக்கவுரை இன்றியே உணர்த்திவிடுகிறார். மூன்று ரூபாய் கடன் கேட்ட முருகதாசருக்கு எட்டணா கிடைக்கிறது. கவலை தீர்வதில்லை, அடுத்த சில நாட்களுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. நாளைக் கழிப்பது என்ற தலைப்பின் பொருள், தவணைகளாக வாழ்வதே. வாடகைக்காரரின் காலம் இப்படித்தான் அளக்கப்படுகிறது.

இக்கதை வெளிவந்தபோது சென்னையில் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏதும் நடைமுறையில் இல்லை. போர்க்காலத்தில், 1941இல், வீட்டுவாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பின்னர் 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நியாய வாடகை, வெளியேற்றத்திற்குரிய காரணங்கள் ஆகியவற்றை வரையறுத்தன. 1941 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 இலட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951இல் 14 இலட்சத்தைத் தாண்டியது. இடையில் நகர எல்லை விரிவாக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். எவ்வாறாயினும் வீடுகளைவிட வேகமாக மக்கள் பெருகிய பத்தாண்டு அது. முருகதாசர் இந்நெருக்கடியின் தொடக்க விளிம்பில் நிற்பவர். அவருக்கு வாசற்பலகையே சட்டம்.

விருந்தாளியாக வந்த கடவுள்

1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைக் குடியிருப்பு நோக்கில் வாசித்தோர் அரியர். கடவுட் கொள்கையின் மீதான அங்கதமாகவே அது கொள்ளப்படுகிறது. கதையின் தொடக்கத்தில் கந்தசாமிப் பிள்ளை திருவல்லிக்கேணிக்குத் திரும்பும் வழிகளைக் கணக்கிடுகிறார். டிராமில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சும். பஸ்ஸில் நடத்துநரை ஏமாற்றினால் அரைக் கோப்பைக் காப்பிக்கு ஆகும். இரண்டும் ஒருங்கே கிடைக்கா. பணியிடத்திற்கும் குடியிருப்பிற்கும் இடைப்பட்ட தொலைவு, காலணாக் கணக்காகிப் பிள்ளையின் மூளைக்குள் ஓடுகிறது. அந்நேரத்தில்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

கடவுளைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் செல்லும் பிள்ளை விதிக்கும் நிபந்தனை கவனிக்கத்தக்கது. வரம் கொடுப்பது போன்ற வேலைகளில் இறங்காமல் மனிதரைப்போல் நடந்துகொள்ள வேண்டும் என்பது அது. மனைவியிடம் அவரைக் கைலாசபுரத்து உறவினர் என்று அறிமுகம் செய்கிறார். உடன் தங்க வருபவருக்கு ஓர் ஊரும் உறவுமுறையும் வேண்டும் என்பது குடித்தன வீட்டின் எழுதப்படாத விதி. கடவுளுக்கும் அதிலிருந்து விலக்கில்லை.

கடவுள் பிழைப்புக்காக ஆடிக்காட்ட நேர்கிறது. ஆடும் கடவுள் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது தில்லையே. சிற்றம்பலத்தைத் தம் நிலையான இடமாகக் கொண்டவர், சென்னையில் திவான் பகதூர் ஒருவரின் முன்னிலையில் ஆடி, கலை தெரியாதவர் என்று புறக்கணிக்கப்படுகிறார். சிதம்பரம் என்ற பெயரைக் கதை வெளிப்படையாகப் பற்றிக்கொள்ளவில்லை. இருப்பினும், சொந்த ஊரில் தலைவராக இருந்தவர் பட்டணத்தில் தங்குமிடமும் வேலையும் தேடி நிற்கும் நிலை, சிதம்பரம் வழியாகவும் கடலூர் வழியாகவும் எழும்பூருக்கு ரயிலேறி வந்த ஆயிரக்கணக்கானோரின் நிலைதான்.

எட்டி நின்று வரம் தரலாமே தவிர, உடனிருந்து வாழ்தல் இயலாது என்று கடவுள் ஒப்புக்கொள்வதோடு கதை முடிவை நெருங்குகிறது. இதனை மெய்யியல் தீர்ப்பாக விளக்கியோர் பலர். அச்சொல்லின் நேர்ப்பொருளையும் கொள்ளலாம். உடனிருந்து வாழ்தல் என்பது கந்தசாமிப் பிள்ளையின் வீட்டில், அவர் மனைவியின் செலவுக் கணக்கிற்குள், குழந்தை வள்ளியின் பிடிவாதத்திற்கு ஈடுகொடுத்து இருப்பது. கடவுளைத் தோற்கடிப்பது நாத்திகம் அன்று, திருவல்லிக்கேணிக் குடித்தனம்.

நகர எல்லைக்கு வெளியே

அதே 1943இல் வெளிவந்த ‘செல்லம்மாள்’ இவ்வகையில் புதுமைப்பித்தனின் உச்சம். ஜவுளிக்கடை ஊழியரான பிரமநாயகம் பிள்ளையும் நோயாளி மனைவி செல்லம்மாளும் நகரத்தின் எல்லையைக் கடந்த பகுதியில் வசிக்கின்றனர். கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் ஓடத் தொடங்கிய மின்சார ரயில், நகருக்குள் குடியிருக்க இயலாதோரை நகரின் வேலைகளோடு பிணைத்து வைத்த காலம் அது. நகருக்குள் வாடகை தர இயலாதவர் தொலைவில் குடியேறுகிறார். வாடகையில் மிஞ்சியது நேரத்தில் செலவாகிறது. செல்லம்மாளின் கதையில் அந்தச் செலவை ஏற்பவர் அவள்தான். கணவர் கடைக்குப் போய்த் திரும்பும் நெடும்பொழுது முழுவதும் அவள் நோயுடன் தனித்திருக்கிறாள்.

கதை அவளது மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் சென்று மீண்டும் அவ்விரவுக்கு வந்து சேர்கிறது. ஊருக்குப் போகவேண்டும் என்ற அவளது ஏக்கம் இடையறாது ஒலிக்கிறது. ஊர் என்பது இங்கே வெறும் நினைவு இனிமை அன்று. நோயுற்றவளைப் பார்த்துக்கொள்ள மனிதர் இருக்கும் வீடு என்பதே அதன் பொருள். அவ்வீட்டை அடைவதற்குரிய பணமும் விடுப்பும் ஒருங்கே வாய்ப்பதில்லை.

முருகதாசரின் குடித்தனத்தில் சுவர்களுக்குள் மனிதர்கள் மிகுதி. பிரமநாயகம் பிள்ளையின் வீட்டிலோ ஆளரவமே இல்லை. தனிமையையும் நெரிசலையும் ஒன்றின் இரு பக்கங்களாகக் காட்டியதில் புதுமைப்பித்தனின் பார்வை வியக்கத்தக்கது. நகரின் நடுவில் இருந்தால் தனித்திருக்க இயலாது. தனித்திருக்க விரும்பினால் நகரின் நடுவில் இருக்க இயலாது. வாடகைக்காரருக்கு இவ்விரண்டே தெரிவுகள். இறந்த மனைவியின் உடலைக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்தி, விடியும்வரை ஒருவராக அருகிலிருக்கும் பிள்ளையின் நிதானத்தைச் சில திறனாய்வாளர் மரத்துப்போன மனம் என்றனர். அவ்விரவில் ஓடிவர அங்கு யாரும் இல்லை என்பதைக் கணக்கில் கொண்டால் அந்நிதானம் வேறாகத் தெரியும். அழுகைக்கும் கேட்பவர் வேண்டும்.

1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதல் அச்சத்தால் பெருந்தொகையினர் சென்னையை விட்டு வெளியேறியதையும் இங்கு எண்ணிப்பார்க்கலாம். போவதற்கு ஊரில் வீடு உள்ளவர் போயினர். அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்த இக்கதையின் தம்பதியர், போக விரும்பியும் போகமுடியாதவர்கள்.

புதுமைப்பித்தனும் அவர் மனைவி கமலாவும் நீண்ட காலம் பிரிந்தே வாழ நேர்ந்தது. அவர் சென்னையிலும் கமலா திருவனந்தபுரத்தில் பெற்றோருடனும் இருந்த காலத்துக் கடிதங்கள் நூலாகவும் வந்துள்ளன. சென்னையில் ஒரு குடும்பத்தை நிலைநிறுத்துவது எத்தனை கடினம் என்பதற்கு அக்கடிதங்கள் எழுதப்பட்டமையே சான்று.

பின்கட்டின் காதுகள்

ஜெயகாந்தனுக்கு வருங்கால் சென்னையும் மாறிவிட்டது, குடித்தனமும் மாறிவிட்டது. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எடுத்துக்கொள்வோம். மழை நாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிய மாணவி, நிகழக்கூடாதது நிகழ்ந்த பின் வீடு திரும்பித் தாயிடம் அதைச் சொல்கிறாள். தாய் அலறி அவளை அடிக்கிறாள். அலறல் கேட்டுப் பின்கட்டிலிருந்து சிலர் ஓடி வருகின்றனர். தாய் சட்டென்று பேச்சை மாற்றுகிறாள். மழையில் நனைந்து வந்ததற்காகவே அடித்ததாகச் சொல்கிறாள். அவர்கள் போன பின் மகளின் தலையில் நீரூற்றி அவளைத் தூய்மைப்படுத்துகிறாள்.

இக்கதை குறித்து நடந்த வாதங்கள் அனைத்தும் அந்நீராட்டைச் சுற்றியே அமைந்தன. கற்பு நீரால் மீளுமா, தாய் செய்தது அறமா என்ற கேள்விகள் அன்றைய வாசகர்களை அலைக்கழித்தன. கதையின் உண்மையான திருப்பம் நீராட்டுக்குச் சற்று முன்னதாக, பின்கட்டுக்காரர்கள் வந்து நிற்கும் அந்தச் சில கணங்களில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. அவர்கள் வராதிருந்தால் தாய் தன் சினத்தில் தொடர்ந்து அடித்திருக்கக்கூடும். அவர்கள் வந்தமையால் அவள் பொய் சொல்ல நேர்கிறது. பொய் சொல்லும்போதுதான் மகளைக் காக்கும் பக்கத்தில் தான் நிற்பதை அவளே உணர்கிறாள். அறம் பொய்யிலிருந்து பிறக்கிறது. பொய்யோ மெல்லிய சுவரிலிருந்து பிறக்கிறது.

இத்துணிபுக்கு வலுவான சான்றைத் தருபவர் ஜெயகாந்தனே. 1970இல் நூலாகி, 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல், அதே நிகழ்ச்சியை வேறொரு முடிவுடன் தொடங்குகிறது. இங்கே தாயின் கூச்சல் அடக்கப்படவில்லை. செய்தி வெளிப்பட்டுவிடுகிறது. அண்ணன் கணேசன் கங்காவை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். தஞ்சாவூரிலுள்ள வெங்கு மாமாவின் ஆதரவில் படித்து, வேலை பெற்று அவள் சென்னைக்கு மீள்கிறாள். ‘அக்கினிப் பிரவேசம்’ கதையையே கங்கா ஓர் இதழில் படிப்பதாக ஆசிரியர் அமைத்தது யாவரும் அறிந்தது. கதையின் தாய் தன் நாவை அடக்கினாள். நாவலின் தாய் அடக்கவில்லை. ஒலியின் அளவில் உள்ள வேறுபாடு ஒரு பெண்ணின் முழு வாழ்வாக விரிகிறது.

தனி வீட்டில், தடித்த சுவர்களுக்குள் இது நிகழ்ந்திருந்தால் இரு வடிவங்களுக்கும் தேவையே எழுந்திராது. ஒட்டுக் குடித்தனத்தில் ஊர்வாய் என்பது அருவமான சமூகம் அன்று. அது கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும். மானம் என்ற பெருஞ்சொல்லை ஜெயகாந்தன் ஒரு கட்டடத்தின் அமைப்பாக ஆக்கிக் காட்டினார். அவரது உரத்த விவாதக் குரலை விரும்பாதோரும் இதனை ஒப்புவர். நாவலின் பிற்பகுதியில் உரையாடல்கள் நீண்டு, பாத்திரங்கள் ஆசிரியரின் பேச்சாளர்களாகிவிடும் இடங்களில் இந்த இடவுணர்வு மங்குவதும் உண்மையே.

‘யாருக்காக அழுதான்’ குறுநாவலின் விடுதியும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கே குடியிருப்பு நாட்கணக்கில் விற்கப்படுகிறது. பணம் காணாமற்போனவுடன் சந்தேகம் மிகக் கீழே இருப்பவன் மீது விழுகிறது. ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலில் வாடகைச் சீட்டும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. சேரிக் குடிசை ஒன்றே அறை. தாய் தங்கத்தின் வாழ்வில் இன்னொருவர் வந்தபோது சிறுவன் சிட்டி கொள்ளும் வெறுப்பிற்கு உளவியல் காரணங்கள் பல கூறப்பட்டன. அந்த ஒற்றை அறையில் மூன்றாமவருக்கு இடமில்லை என்ற எளிய காரணமும் அவற்றோடு சேர்க்கப்படவேண்டும். குடிசைவாசிகளுக்கென மாநில அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது 1970இல்தான். ஜெயகாந்தனின் எழுத்தும் அதைத் தழுவி அவரே இயக்கிய 1965ஆம் ஆண்டுத் திரைப்படமும் அதற்கு முந்தியவை.

சிதம்பரத்து வீடு

ஒப்பீட்டிற்காக மௌனியைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1936இல் மணிக்கொடியில் எழுதத் தொடங்கிய மௌனி, பெரும்பாலான கதைகளைக் கும்பகோணத்தில் வாழ்ந்தபோது எழுதினார். பின்னர் குடும்பத் தொழிலான அரிசி ஆலையைக் கவனிக்கச் சிதம்பரத்தில் நிலைகொண்டு, 1985இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். அவரைச் சிறுகதைத் திருமூலர் என்று போற்றியவர் புதுமைப்பித்தன்.

மௌனியின் மாந்தர்களுக்கு மாத முதல் தேதி கிடையாது. அவர்கள் அந்தியில் தெருவில் நடக்கின்றனர், கோயிலில் நிற்கின்றனர், சன்னலருகே அமர்ந்து வெறித்துப் பார்க்கின்றனர். அவர்களது வீட்டிற்கு யார் வரி கட்டுகிறார், யார் வாடகை தருகிறார் என்ற வினா எழுவதே இல்லை. அது குறையன்று. காலம் கடந்த ஓர் உணர்வை எழுத, காலத்தைத் தவணைகளாக அறுக்காத ஒரு வீடு தேவைப்பட்டது என்று சொல்லலாம். மௌனியின் மொழி தயங்கித் தயங்கி நகர்வதற்கும் புதுமைப்பித்தனின் மொழி தாவித் தாவிச் செல்வதற்கும் பலவேறு காரணங்கள் உள. அவற்றுள் ஒன்று, ஒருவருடைய பாத்திரங்களுக்கு அவகாசம் இருந்தது. மற்றவருடைய பாத்திரங்களுக்கு இல்லை. நடையியல் ஆய்வுகள் இப்பொருளியல் அடிப்படையை இனியேனும் கருதவேண்டும்.

கேட்கப்படாத கேள்வி

இதுவரை பேசப்பட்ட குடித்தனக்காரர்கள் அனைவருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கந்தசாமிப் பிள்ளை, பிரமநாயகம் பிள்ளை, கங்காவின் பிராமணக் குடும்பம் ஆகியோருள் எவரிடமும் வீட்டுக்காரர் சாதி கேட்டு மறுப்பதாகக் கதை இல்லை. அவர்களுக்குப் பணம்தான் தடை. பணம் இருந்தும் பெயரைச் சொன்னவுடன் வீடு இல்லையென்று அனுப்பப்படுவோர் இவ்வீடுகளின் வாசலில் ஒருமுறைகூடத் தென்படவில்லை. புதுமைப்பித்தன் இவ்வேற்றுமையை அறியாதவர் அல்லர். சிதம்பரம் வட்டாரத்து ஆதனூரைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய ‘புதிய நந்தன்’, அக்கிரகாரத்திற்கும் சேரிக்கும் உள்ள தொலைவை இரக்கமின்றி அளந்து காட்டுகிறது. ஆனால் கிராமத்தில் அவர் கண்ட அத்தொலைவு, சென்னை வாடகை வீட்டின் வாசற்படியில் எவ்வாறு மறுவடிவம் பெறுகிறது என்பதை அவரது நகரக் கதைகள் தொடவில்லை. ஜெயகாந்தன் சேரியை முழு மனிதரோடு எழுதினார். அச்சேரிவாசி ஒருவர் மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ அறை கேட்டுச் செல்லும் காட்சியை எழுதவில்லை.

சிதம்பரத்தின் வரலாறு இக்கேள்வியை வேறொரு வழியில் எதிர்கொண்டிருக்கிறது. 1916இல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பெயரால் தொடங்கிய கல்வி நிறுவனம், ஒடுக்கப்பட்ட மாணவர்க்குப் பள்ளியுடன் தங்கும் இடத்தையும் அளித்தது. பள்ளி கட்டினால் போதாது, படிக்க வருவோர் தங்க அறையும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அறை கேட்டுத் தெருத்தெருவாக அலையும் வாய்ப்புக்கூட அம்மாணவர்களுக்கு இல்லாதிருந்தது என்பதே அவ்விடுதியின் தேவைக்குப் பின்னுள்ள செய்தி. நந்தன் உள்ளே விடப்பட்டாரா என்ற பழைய கேள்வியை நூல்களில் விவாதித்த ஊரில், உள்ளே தங்க ஓர் இடம் என்பது செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது.

வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளைத் தமிழில் வெளிப்படையாகப் பதிவு செய்த படைப்பாகச் செழியன் இயக்கிய ‘டு லெட்’ திரைப்படத்தைக் கூறவேண்டும். தகவல் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியால் சென்னையில் வாடகை ஏறிய 2007ஆம் ஆண்டு அதன் காலம். திரைத்துறையில் உதவி இயக்குநராக இருக்கும் கணவன், மனைவி, சிறுமகன் ஆகிய மூவரும் ஒரு மாதத்திற்குள் வேறு வீடு தேட வேண்டும். தொழில், உணவு, சாதி, மதம் என ஒவ்வொரு வாசலிலும் ஒரு விசாரணை. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), வாடகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்த பெண் சொந்த வீடு கட்டத் துணிந்து அல்லலுறுவதைச் சொன்னது. ‘டு லெட்’ மாந்தர்க்கு அந்தத் துணிவுக்கும் வழியில்லை. முருகதாசர் கண்ட வாசற்பலகையையே படத்தின் பெயராக்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எழுபது ஆண்டுகளில் பலகையின் மொழி மாறியிருக்கிறது. உள்ளே கேட்கப்படும் கேள்விகள் கூடியிருக்கின்றன.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது. சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். எண்ணிக்கையைப் பற்றிச் சட்டம் பேசுகிறது; பெயரைக் கேட்டபின் வீட்டுக்காரர் முகத்தில் தோன்றும் மாற்றத்தை எந்தப் பிரிவின்கீழும் கொண்டுவர இயலாது. அதைப் பதிவு செய்யும் பணி புனைவினுடையது. கடலூரில் பிறந்த இருவரும் சுவர்களையும் காதுகளையும் எழுதிவிட்டனர். வாசற்படியில் நின்று திரும்பியோரின் கதை, அண்ணாமலைநகரில் அறை தேடிய மாணவரிடமும் சென்னைக்கு வேலைக்குச் சென்ற பட்டதாரியிடமும் இன்னும் வாய்மொழியாகவே இருந்து வருகிறது.